பழைய இசைத்தட்டுகளை "ரிஜிஸ்டர் பண்ணித் தருகிறோம்" என்று வருபவர்களிடம் கையெழுத்துப் போடாதீர்கள்

78 ஆர்பிஎம் தட்டுகளைச் சேர்த்து வைத்திருப்பவர்கள், அவற்றை யூடியூபில் ஏற்றிப் பகிர்பவர்கள் எல்லோரும் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள். யாராவது உங்களைக் கூப்பிட்டு, "உங்க கலெக்‌ஷனுக்கு காப்பிரைட் பதிவு பண்ணித் தர்றோம், இனிமே யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க" என்று சொல்லியிருந்தால் அவசியம் படியுங்கள். என்னிடம் அப்படிச் சொன்னார்கள். நம்பிக் கையெழுத்துப் போட்டேன். நஷ்டம் என்னோடு நிற்கவில்லை. இந்தத் தட்டுகளை எப்படிக் கேட்க வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரு பெரியவரையும் அது போய்ப் பிடித்தது.

தாத்தா விட்டுப்போன நாற்பது தட்டுகளோடு ஆரம்பித்தேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் தேடித் தேடி வாங்கியதில் இப்போது முந்நூற்றுக்கு மேல் இருக்கிறது. தட்டைக் கையில் எடுத்தவர்களுக்கு இந்த வேலை தெரியும். அரக்குத் தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கக் கூடாது, கரைந்துவிடும். மிதமான சோப்புத் தண்ணீர், மெல்லிய பிரஷ், அப்புறம் நிழலில் உலர்த்தல். பிற்கால எல்பி தட்டுகளுக்கான மெல்லிய ஊசி போட்டால் பள்ளத்தின் அடியில் இருக்கும் அழுக்கைத்தான் உரசிக்கொண்டு போகும். அகலமான 3 மில் (அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று பங்கு) ஊசி வேண்டும். ஒரு தட்டுக்கு இரண்டு பக்கமும் சேர்ந்து ஆறேழு நிமிடப் பாட்டு. அதைச் சுத்தமாக கம்ப்யூட்டரில் ஏற்ற எனக்கு ஒரு சாயங்காலம் முழுவதும் ஆகும்.

நாகஸ்வர வித்வான் டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத் தட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. ஓரத்தில் ஒரு கீறல். நிமிடத்துக்கு 78 சுற்று என்பதால் விநாடிக்கு ஒன்றுக்குச் சற்று மேலாக "டிக்... டிக்..." என்று முதல் இருபது விநாடி கேட்கும். சாஃப்ட்வேர் போட்டு அதை எடுத்துப் பார்த்தேன். டிக் போனது, கூடவே சீவாளியின் அந்தக் கார்வையும் போனது. அதனால் கீறலை அப்படியே விட்டுவிட்டேன். முதல் பக்கம் முடிந்து இரண்டாம் பக்கம் தொடங்கும் இடத்தில் சரியாக இரண்டு விநாடி மௌனம் வைத்து ஒட்டினேன். இந்த இரண்டு விஷயத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

முதலில் ஒரு மின்னஞ்சல் வந்தது, ரொம்ப மரியாதையாக. சென்னையில் டிஜிட்டல் விநியோகம் செய்யும் நிறுவனமாம். பிறகு ஒரு இளைஞர் வீட்டுக்கே வந்தார். காபி குடித்தார், இரண்டு மணி நேரம் உட்கார்ந்து தட்டு கேட்டார். கிட்டப்பா, கே.பி.சுந்தராம்பாள், வீணை தனம்மாள் என்று பெயர்கள் சரளமாக வந்தன. நம்மில் ஒருவர் என்றே நினைத்துவிட்டேன். "சார், நீங்க இவ்வளவு உழைச்சு ஏத்துறீங்க, நாளைக்கு எவனோ டவுன்லோட் பண்ணித் தன்னோடதுன்னு போட்டுக்குவான். நாங்க உங்க பேர்ல பதிவு பண்ணிடறோம்" என்றார். அதற்கு முன்பே என் பதிவுகள் சிலவற்றை யாரோ எடுத்துப் போட்டிருந்தார்கள் என்பதால் அந்தப் பேச்சு எனக்குச் சரியாகவே பட்டது.

ஒப்பந்தம் ஒன்பது பக்கம், ஆங்கிலத்தில். பதிவுக் கட்டணம் 12,000 ரூபாய். ஹார்டு டிஸ்கில் 186 பதிவுகளின் மூல வேவ் கோப்புகளைக் கேட்டார்கள், கொடுத்தேன். பத்து நாளில் "சான்றிதழ்" என்று ஒரு தாள் வந்தது. அதில் இருந்தது வெறும் டைரி எண். மனு வந்து சேர்ந்தது என்பதற்குக் காப்பிரைட் அலுவலகம் தரும் ரசீது எண்தான் டைரி எண். மறுப்பு ஏதும் வருகிறதா என்று பார்க்க அதற்கப்புறம் 30 நாள் காத்திருக்க வேண்டும், பிறகுதான் பரிசீலனையே. நம் நாட்டில் காப்பிரைட் பதிவு கட்டாயமும் இல்லை. இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. தாளில் எண் இருந்தது, முத்திரை இருந்தது, நம்பினேன்.

மூன்று மாதம் கழித்து என்னுடைய தோடிக்கே காப்பிரைட் கிளெய்ம் வந்தது. இந்த ஒலிப்பதிவு வேறொருவருக்குச் சொந்தம், விளம்பர வருமானம் அவர்களுக்குப் போகும் என்று இருந்தது. உரிமையாளர் என்று இருந்த பெயர், என்னிடம் கையெழுத்து வாங்கிய அதே நிறுவனம். கூப்பிட்டேன். "சிஸ்டம் தானா பண்றது சார், சரி பண்ணிடறோம்" என்றார்கள். அடுத்த வாரம் இன்னும் பதினான்கு கிளெய்ம்.

ஒரு பாட்டுச் செயலியில் தேடிப் பார்த்தேன். புது அட்டைப்படத்தோடு ஆல்பமாகவே போட்டிருந்தார்கள். தோடியைத் தட்டினேன். டிக், டிக், டிக். என் தட்டின் கீறல். நிமிஷம் போய்க்கொண்டே இருந்தது, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். முதல் பக்கம் முடிந்தது. நான் வைத்த இரண்டு விநாடி மௌனம். அப்புறம் இரண்டாம் பக்கம். உலகத்தில் வேறு எந்தப் பிரதியிலும் அந்த மௌனம் இருக்க முடியாது.

அன்று இரவு பெரியவர் தஞ்சாவூரிலிருந்து கூப்பிட்டார். "தம்பி, நான் போட்ட தட்டெல்லாம் அவங்களோடதுன்னு ஒரு கம்பெனி சொல்லுதுப்பா. லெட்டர் வேற போட்டிருக்காங்க. ஜெயிலுக்குப் போகணும்னு எழுதியிருக்கு." அவர் போட்டது அவருடைய சொந்தத் தட்டு, நாற்பது வருடச் சேகரிப்பு. ஆனால் யூடியூபின் கன்டென்ட் ஐடி என்ற அமைப்பு ஒலியின் கைரேகையைத்தான் பார்க்கும். ஒரே ஒலிப்பதிவின் வேறு பிரதியாக இருந்தாலும் பொருந்திவிடும். என் கோப்பைக் கைரேகையாகக் கொடுத்து அவருடைய தட்டுகளைப் பிடித்திருக்கிறார்கள். நான் கொடுத்த ஹார்டு டிஸ்க்.

கடிதத்தில் காப்பிரைட் சட்டத்தின் 63-வது பிரிவைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்: ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். பிரிவு உண்மை. அது இவருக்குப் பொருந்தும் என்பது பொய். பெரியவருக்கு அந்த வித்தியாசம் யார் சொல்வது? "சமரசத் தொகை" என்று 18,000 ரூபாயைப் பென்ஷனிலிருந்து கட்டிவிட்டார். முப்பதுக்கும் மேற்பட்ட வீடியோக்களை அவரே நீக்கிவிட்டார். நான் பணத்தைத் திருப்பித் தரப் போனபோது வாங்க மறுத்துவிட்டார். அது இன்னும் என் மேஜை டிராயரில் கவரோடு இருக்கிறது.

இனி, வக்கீல் வழியாக நான் தெரிந்துகொண்டவை. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு வெளியான வருடத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 வருடம்தான் பாதுகாப்பு. 1960-ல் வெளியான தட்டு என்றால் 2020 டிசம்பரோடு முடிந்தது. கிட்டப்பா 1933-ல் மறைந்தார், ராஜரத்தினம் பிள்ளை 1956-ல் மறைந்தார். அவர்கள் காலத்தில் வெளிவந்த எந்தத் தட்டின் ஒலிப்பதிவுக்கும் இன்று இந்தியாவில் யாரும் உரிமை கொண்டாட முடியாது. தட்டை விலை கொடுத்து வாங்கியதாலோ கம்ப்யூட்டரில் ஏற்றியதாலோ எனக்கும் அந்த உரிமை வந்துவிடாது. எனக்கே இல்லாத உரிமையை நான் எப்படி எழுதிக் கொடுக்க முடியும்? ஆனால் ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தில் "இந்த ஒலிப்பதிவுகளின் முழு உரிமையாளர் நானே என்று உறுதி அளிக்கிறேன், வழக்கு வந்தால் நானே பொறுப்பு" என்று இருக்கிறது. கீழே என் கையெழுத்து. ஏழாம் பக்கத்தில் "நிரந்தரமாக, உலகம் முழுவதும்" என்று இருக்கிறது. இந்த இரண்டு வரிகள் எந்தக் காகிதத்தில் இருந்தாலும் பேனாவை மூடி வையுங்கள்.

இன்னொன்று. ஒலிப்பதிவு வேறு, பாட்டு வேறு. தியாகராஜர் கிருதி என்றால் பிரச்சினை இல்லை. நாகஸ்வர ஆலாபனையில் சாகித்யமே, அதாவது பாட்டு வரிகளே, இல்லை. ஆனால் பாபநாசம் சிவன் 1973-ல் மறைந்தார். பாடலாசிரியர் மறைந்த பிறகும் 60 வருடம் உரிமை உண்டு என்பதால் அவர் எழுதிய பாட்டுகளுக்கு 2033 முடியும்வரை உரிமை இருக்கிறது, தட்டு எவ்வளவு பழசானாலும். என் பக்கத்தில் அப்படிச் சில இருந்தன. அவற்றை நானே எடுத்துவிட்டு அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன். உண்மையான உரிமையாளர் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை.

இந்த மாதிரி நிறுவனங்களிடம் பேசினால் ஒரு பாதி உண்மையைச் சொல்லி மிரட்டுவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். "அமெரிக்கச் சட்டப்படி இது இன்னும் காப்பிரைட்ல இருக்கு" என்பார்கள். அங்கே 2018-ல் வந்த சட்டம் பழைய ஒலிப்பதிவுகளுக்கு நீண்ட பாதுகாப்புத் தருகிறது என்பது சரிதான். 1923 முதல் 1946 வரை வெளியானவற்றுக்கு 100 வருடம், 1947 முதல் 1956 வரை 110 வருடம். அதனால் ஒரு வீடியோ அந்த நாட்டில் மட்டும் தடைபடலாம். ஆனால் அந்த உரிமை தட்டை வெளியிட்ட கம்பெனிக்கோ அதன் வாரிசுக்கோ உரியது. நேற்று முளைத்த இடைத்தரகருக்கு அதில் என்ன வேலை? "வெளியிட்டவரிடமிருந்து உங்களுக்கு உரிமை வந்த பத்திரத்தைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். நான் மூன்று முறை எழுத்தில் கேட்டேன். மூன்று முறையும் பதில் இல்லை.

இது இங்கே மட்டும் நடப்பதும் இல்லை. அமெரிக்காவில் இரண்டு பேர் 50,000-க்கும் மேற்பட்ட பாட்டுகள் தங்களுடையவை என்று பொய் சொல்லி, யூடியூப் வருமானத்தில் 2 கோடி டாலருக்கு மேல் எடுத்திருக்கிறார்கள். 2021-ல் அவர்கள் மேல் குற்றச்சாட்டு பதிவானது.

கிளெய்ம் வந்தால் பயந்து வீடியோவை நீக்காதீர்கள். கிளெய்ம் வேறு, ஸ்ட்ரைக் வேறு. கிளெய்ம் என்பது ஒரு வீடியோ மேல் உரிமை கோருவது, ஸ்ட்ரைக் என்பது உங்கள் பக்கத்தின் மேல் விழும் தண்டனை. யூடியூபில் டிஸ்ப்யூட் (ஆட்சேபம்) போட்டால் பதில் சொல்ல எதிர்த்தரப்புக்கு 30 நாள் அவகாசம். கிளெய்ம் வந்த ஐந்து நாளுக்குள் போட்டுவிட்டால் வருமானம் யாருக்கும் போகாமல் தனியாக வைக்கப்படும். அவர்கள் மறுத்தால் அப்பீல் செய்யலாம், அதற்கு 7 நாளில் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் கட்டத்தில் அவர்கள் நீக்கச் சொல்லி முறையான கோரிக்கை கொடுத்தால் ஸ்ட்ரைக் விழும், 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் பக்கமே போய்விடும். அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் அப்பீல் போடாமல், ஆதாரம் உறுதியாக இருக்கும் ஒன்றை மட்டும் முதலில் போடுங்கள். எனக்குக் கைகொடுத்தவை தட்டின் லேபிள் படம், அதில் இருக்கும் எண், லேபிளுக்கு அருகே அரக்கில் பொறித்திருக்கும் மேட்ரிக்ஸ் எண், அந்தக் காலத்துக் கம்பெனி கேட்லாக்கின் பக்கம். ஏற்றும்போதே இவற்றைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மிரட்டல் கடிதம் வந்தால் வக்கீலிடம் காப்பிரைட் சட்டத்தின் 60-வது பிரிவைப் பற்றிக் கேளுங்கள். ஆதாரமில்லாமல் காப்பிரைட் வழக்குப் போடுவோம் என்று மிரட்டுபவர்களைத் தடுக்க நீதிமன்றத்துக்குப் போக அந்தப் பிரிவு வழி தருகிறது. பணம் கட்டிவிட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்குக் கூப்பிடுங்கள். பெரியவர் எனக்குச் சொன்னதே ஆறு வாரம் கழித்து, அதற்குள் அந்தக் கணக்கு காலி.

வக்கீல் மூலம் ஒப்பந்தத்தை ரத்து செய்து நோட்டீஸ் அனுப்பினேன். தோடி மேல் இருந்த கிளெய்ம் அப்பீலில் நீங்கியது, அவர்கள் பதிலே தரவில்லை. பதினைந்தில் பதினொன்று இதுவரை விலகியிருக்கிறது. ஆல்பம் இன்னும் அந்தச் செயலியில் இருக்கிறது, புகார் கொடுத்திருக்கிறேன். 12,000 ரூபாய் வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூர் போயிருந்தேன். பெரியவர் நீக்கிய வீடியோக்களின் கோப்புகள் அவரிடம் இல்லை, பழைய கம்ப்யூட்டரோடு போய்விட்டன. தட்டுகள் மட்டும் மர அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. முதல் பெட்டியில் பன்னிரண்டு தட்டுகளை எடுத்து வந்திருக்கிறேன். நான்கைக் கழுவி உலர வைத்திருக்கிறேன். அவர் பெயரிலேயே, அவர் பக்கத்திலேயே மறுபடி ஏற்றப் போகிறோம்.