போட்டோக்ரோமிக் லென்ஸ் வாங்குகிறீர்களா? பாக்கிப் பணத்தைக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

வெயிலில் கருத்து, நிழலுக்கு வந்ததும் தெளிகிற போட்டோக்ரோமிக் லென்ஸை பவர் கண்ணாடிக்குப் போடப்போகிறவர்கள், டெலிவரி எடுக்கும்போது இடது, வலது இரண்டு லென்ஸிலும் புற ஊதா டார்ச் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். கள்ள நோட்டுப் பார்க்கிற அதே விளக்குதான். சில நொடிகளில் இரண்டும் ஒரே நிறத்தில் கருக்க வேண்டும். டார்ச் இல்லை என்றால் கடைக்கு வெளியே வெயிலில் பிடித்துப் பாருங்கள்.

மதுரையில் ஒரு பெரிய கடையில் ஆர்டர் கொடுத்தேன். விற்கும்போது டெமோ லென்ஸில் டார்ச் அடித்து அசத்தினார்கள். டெலிவரியில் அந்த டார்ச்சையே காணோம். வாங்கிக்கொண்டு தெருவில் நடந்தபோது மனைவி கேட்டாள், "என்னங்க, ஒரு கண்ணு மட்டும் கருப்பா இருக்கு?" கழற்றி வெள்ளைக் கைக்குட்டை மேல் வைத்துப் பார்த்தேன். வலது பக்கம் நல்ல சாம்பல் நிறம். இடது பக்கம் டீத்தண்ணி மாதிரி வெளிறிய பழுப்பு.

கடைக்காரர் சொன்ன சமாதானங்களைத்தான் கவனிக்க வேண்டும். பாதி உண்மையைச் சொல்லியே மடக்கப் பார்க்கிறார்கள். "நம்ம ஊர் சூட்டுல அவ்வளவா கருக்காது சார்" என்றார். அது நிஜம்தான். புற ஊதாக் கதிர் பட்டால் லென்ஸில் இருக்கும் சாய மூலக்கூறில் ஒரு பிணைப்பு அறுந்து, அது விரிந்து நிறம் கொள்கிறது. சூடு அதைப் பழைய வடிவத்துக்கே திருப்பித் தள்ளும். ஊட்டிக் குளிரில் நன்றாகக் கருக்கிற லென்ஸ் மதுரைச் சித்திரையில் கொஞ்சம் சுணங்கத்தான் செய்யும். சரி, வெயில் என் இடது கண்ணுக்கு மட்டுமா அடிக்கிறது?

அடுத்து, "ரெண்டு கண்ணுக்கும் பவர் வேற" என்றார். லென்ஸ் முழுக்கச் சாயம் கலந்த வகையில் தடித்த பக்கம் கூடுதலாகக் கருக்கும், அதுவும் உண்மை. ஆனால் பவர் மாறினால் கிரே பிரவுனாகிவிடாது. கடைசியாக ஒன்று: "போகப் போக செட் ஆயிடும்." இது முழுப் பொய். நல்ல லென்ஸிலேயே இந்தச் சாயம் சில வருடங்களில் தேயும்; ஒருநாளும் அதிகமாகாது.

இன்னொரு கடையில் காட்டினேன். டார்ச் அடித்த உடனே சொல்லிவிட்டார், இரண்டும் வேறு வேறு வகை லென்ஸ் என்று.

லென்ஸ் வந்த கவரைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். கம்பெனி, வகை, நிறம், பவர் எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். நான் கேட்டபோது, "அதெல்லாம் லேப்லயே தூக்கிப் போட்டுருவாங்க" என்று பதில் வந்தது. என் பில்லில் இருந்தது வெறும் "லென்ஸ் 1 ஜோடி". பில்லில் வகையும் நிறமும் எழுத வையுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லும்போது கையில் அது வேண்டும்.

இப்போது இடது லென்ஸை மட்டும் மாற்றித் தருகிறோம் என்கிறார்கள். வலதோடு நிறம் ஒத்துப்போகும் என்று எழுதித் தாருங்கள் என்றேன். முதலாளியைக் கேட்டுச் சொல்கிறார்களாம்.