சுற்றுச்சாலை சிஎன்ஜி பங்க்: விலையில் நிம்மதி, பிரஷரில் ஏமாற்றம்

மதுரை சுற்றுச்சாலையை ஒட்டியுள்ள சிஎன்ஜி (அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு) பங்க் ஒன்றில் கார்த்திகையில் தொடங்கி மாசி வரை, ஒரு முழுப் பனிக்காலமும் எரிவாயு நிரப்பி வந்த வாடிக்கையாளன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. குழாய் இணைப்பு வந்து சேராமல், லாரியில் எரிவாயுவை வரவழைத்து விற்கும் எந்தப் பங்குக்கும் என் புகார்களில் பெரும்பாலானவை பொருந்தும். சிஎன்ஜி வண்டி வாங்க நினைக்கும் உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, கிலோ என்ன விலை என்பதுதான். அந்த விலையில் பங்கை நடத்துபவருக்குக் கையே கிடையாது. அவரைக் கேட்க வேண்டியது பிரஷர் எவ்வளவு என்று.

முதலில் விலையைப் பேசிவிடுகிறேன், ஏனென்றால் அதில் எனக்குக் குறையில்லை. பனிக்காலத்தில் உலகச் சந்தையில் இயற்கை எரிவாயு விலை ஏறும் என்று செய்தித்தாளில் படித்துவிட்டு, நம் ஊர்ப் பலகையிலும் எண் எகிறும் என்று எதிர்பார்த்தவர்களில் நானும் ஒருவன். பெரிதாக ஒன்றும் எகிறவில்லை. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டிய நாளிலிருந்து, கிலோவுக்கு 25 கிலோமீட்டர் ஓடும் சிஎன்ஜி வண்டி வைத்திருப்பவருக்குக் கிடைத்து வந்த மிச்சம் இந்தப் பருவத்திலும் கிடைத்தது.

மதுரையில் மார்கழி விடியற்காலையில்கூட வெப்பநிலை 20 டிகிரிக்கு அருகில்தான் நிற்கும். வீட்டைச் சூடேற்ற இங்கு யாரும் எரிவாயு எரிப்பதில்லை. ஆனால் சிகாகோவிலும் பெர்லினிலும் சியோலிலும் அதற்காகவே பெருமளவு எரிவாயு செலவாகிறது. அந்த நாடுகளில் குளிர் கூடும்போது தேவை கூடுவதும் வரத்து குறைவதும் ஒரே வாரத்தில் நடந்துவிடுகின்றன. மாட்டுத்தாவணி பூச்சந்தையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. மார்கழிப் பனியில் மல்லிகைச் செடி மொட்டு விடுவது குறைகிறது, பொங்கலும் தை முகூர்த்தங்களும் அடுத்தடுத்து வருகின்றன, கிலோ சில நூறு ரூபாய்க்கு விற்ற பூ ஆயிரங்களுக்குப் போகிறது. 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் நடந்ததும் இதே கதைதான்: உறைபனியில் எரிவாயுக் கிணறுகளின் வாய்களும் குழாய்களும் உறைந்து உற்பத்தி விழுந்த நேரத்தில், மக்கள் வீட்டுக்குள் குளிரில் நடுங்கிக்கொண்டு ஹீட்டரைத் திருகினார்கள். அமெரிக்காவின் அளவுகோல் விலையான ஹென்றி ஹப், சில நாட்களுக்கு முன்புவரை பத்து லட்சம் பிடியுவுக்கு (பிடியு என்பது வெப்ப அளவு) 3 டாலர் அளவில் இருந்தது, பிப்ரவரி 17 அன்று 23 டாலரைத் தாண்டியது.

பூவுக்கும் எரிவாயுவுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. எரிவாயுவை ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நிலத்தடியில், வற்றிப்போன எரிவாயு வயல்களிலும் உப்புக் குகைகளிலும் நிரப்பி வைத்துக்கொண்டு, நவம்பர் முதல் மார்ச் வரை எடுத்துச் செலவழிக்கலாம். ஆகவேதான் அங்கே குளிர்காலம் வருவதற்கு முன்பே, குளிர்காலத்தைப் பற்றிய அச்சம் விலையை ஏற்றுகிறது. ரஷ்யக் குழாய்வழி வரத்து சுருங்கிய 2022-இல், ஐரோப்பியச் சந்தை விலை உச்சத்தைத் தொட்டது டிசம்பரில் அல்ல, வெயில் காயும் ஆகஸ்டில். ஒரு மெகாவாட்-மணி (ஆயிரம் யூனிட்) ஆற்றலுக்கு 300 யூரோவைக் கடந்த அந்த விலையை நம் கணக்குக்கு மாற்றினால், வரியும் போக்குவரத்தும் சேர்க்காமலேயே சிஎன்ஜி கிலோ சுமார் 350 ரூபாய் ஆகும். அதன் பிறகு குளிர்காலம் எதிர்பார்த்ததைவிட மிதமாக அமைந்து, 2023 மார்ச்சுக்குள் விலை 50 யூரோவுக்குக் கீழே வந்துவிட்டது. அந்த 300 யூரோ, பயந்து வாங்கிச் சேர்த்தவர்கள் கொடுத்த விலை.

இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். உலகச் சந்தையில் எரிவாயு பத்து லட்சம் பிடியு என்ற வெப்ப அளவில் விற்கப்படுகிறது. அது ஏறக்குறைய 20 கிலோ சிஎன்ஜிக்குச் சமம். டாலர் 85 ரூபாய் என்று கொண்டால், அங்கே 1 டாலர் ஏறும்போது இங்கே மூலப்பொருள் செலவு கிலோவுக்கு 4 ரூபாய்க்குச் சற்று மேல் ஏற வேண்டும். கிழக்காசியச் சந்தையில் 2020 ஏப்ரலில் 2 டாலருக்கும் கீழே கிடந்த எல்என்ஜி (குளிரூட்டித் திரவமாக்கிக் கப்பலில் வரும் எரிவாயு), கடுங்குளிர் தாக்கிய 2021 ஜனவரியில் 30 டாலரைத் தாண்டியது. அந்த ஏற்றம் அப்படியே நம் தலையில் விழுந்திருந்தால் சிஎன்ஜி ஆட்டோக்கள் எல்லாம் ஓரங்கட்டப்பட்டிருக்கும்.

விழாததற்குக் காரணம், நாம் வாங்கும் ஒரு கிலோவில் பல விலைகள் கலந்திருப்பதுதான். உள்நாட்டின் பழைய வயல்களில் எடுக்கும் எரிவாயுவின் விலை, 2023 ஏப்ரல் முதல், இந்தியா வாங்கும் கச்சா எண்ணெய் விலையில் 10 விழுக்காடு என்று நிர்ணயிக்கப்படுகிறது. அதற்கு 4 டாலர் தரைவிலையும் 6.50 டாலர் உச்சவரம்பும் வைக்கப்பட்டன; 2025 ஏப்ரலில் வரம்பு 6.75 டாலராக உயர்ந்தது. வாகனங்களுக்கும் வீட்டுக் குழாய் இணைப்புகளுக்கும் இந்த எரிவாயு முன்னுரிமையில் ஒதுக்கப்படுகிறது. மீதத் தேவைக்குக் கத்தார் போன்ற நாடுகளுடன் செய்துகொண்ட நீண்டகால ஒப்பந்தங்கள் கைகொடுக்கின்றன. கத்தாரிடம் ஆண்டுக்கு 75 லட்சம் டன் வாங்கும் ஒப்பந்தத்தை 2028-க்குப் பிறகும் 20 ஆண்டுகளுக்கு நீட்டிக்க 2024 பிப்ரவரியில் கையெழுத்தாகியிருக்கிறது. இவற்றின் விலை கச்சா எண்ணெயோடு பிணைக்கப்பட்டிருப்பதால், டோக்கியோவில் பனி பெய்ததா என்பதைப் பொறுத்து அது ஆடுவதில்லை. கடைசியாக, பற்றாக்குறைக்கு அன்றைய சந்தை விலையில் வாங்கும் எல்என்ஜி. பனிக்காலம் நம்மைத் தொடுவது இந்த மூன்றாவது வகையின் வழியாகத்தான்.

2024 அக்டோபரிலும் நவம்பரிலும் மலிவான உள்நாட்டு எரிவாயுவின் ஒதுக்கீடு குறைக்கப்பட்டபோது, சில்லறை விற்பனை நிறுவனங்கள் விலை கூடிய எரிவாயுவை வாங்கி ஈடுகட்ட வேண்டியதாயிற்று. தேவை ஆண்டுதோறும் வளர்கிறது, பழைய வயல்களின் உற்பத்தி வளரவில்லை. ஆகவே சந்தை விலையில் வாங்கும் அந்த மூன்றாவது வகை மெல்ல மெல்லப் பெருகும் என்றே நான் நினைக்கிறேன். அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் போல நிலத்தடிக் கிடங்கு நம்மிடம் இல்லை. எண்ணூரில் 2019-இல் தொடங்கிய, ஆண்டுக்கு 50 லட்சம் டன் திறனுள்ள எல்என்ஜி இறக்குமதி முனையத்தைப் போன்றவற்றில் கடலோரத் தொட்டிகளில் நிற்பதுதான் கையிருப்பு. இதையெல்லாம் பங்கில் ஒரு பலகையில் நான்கு வரி எழுதி வைத்தால், விலை ஒரு ரூபாய் ஏறும்போதெல்லாம் நாசில் பிடிக்கும் பையன் வசவு வாங்க வேண்டியிருக்காது.

இனி பிரஷர். சிஎன்ஜி வண்டியின் உருளையை 200 பார் அழுத்தம் வரை நிரப்ப வேண்டும். என் காரில் அப்படி நிரம்பினால் 8 கிலோ பிடிக்கும். ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடும். இந்தப் பங்குக்கு எரிவாயு வருவது லாரியின் மேல் அடுக்கிய உருளைத் தொகுதியில். இத்தொழிலில் அதைக் கேஸ்கேடு என்கிறார்கள். லாரி வந்து நின்றதும் முதல் சில வண்டிகளுக்கு நல்ல அழுத்தத்தில் பாய்கிறது. கேஸ்கேடு காலியாகக் காலியாக அழுத்தம் இறங்குகிறது, பூஸ்டர் கம்ப்ரஸர் அதை ஏற்றிக் கொடுக்க முயல்கிறது, வரிசை நீண்டால் அதுவும் திணறுகிறது. அப்போது ஊழியர் கண்ணாடிப் பக்கம் குனிந்து, "அண்ணே, பிரஷர் நூத்தம்பதுதான் இருக்கு, போடவா?" என்று கேட்பார். இப்படிக் கேட்கும் நேர்மையை நான் பாராட்டுகிறேன், ஏனென்றால் எல்லா இடத்திலும் கேட்பதில்லை. ஆனால் அரை மணி நேரம் வரிசையில் நின்று நாசிலுக்கு முன்னால் வந்த பிறகு இந்தக் கேள்வியைக் கேட்டு என்ன பயன்? போடச் சொன்னால் 6 கிலோவை ஒட்டி நின்றுவிடும். தேனிக்குப் போய்த் திரும்பவே 150 கிலோமீட்டர் ஆகிவிடும் என்பதால், ஆண்டிப்பட்டிக் கணவாய் ஏறும்போதே முள்ளைப் பார்த்துக்கொண்டு ஓட்ட வேண்டியிருக்கிறது.

எரிவாயு கிலோ கணக்கில் அளக்கப்படுவதால் பணத்தில் நட்டமில்லை. போவது நேரம். அதுவும் நமக்கென்று ஒரு பனிக்காலத் தேவை இருப்பதை இந்தப் பங்கு கணக்கிலேயே எடுத்ததாகத் தெரியவில்லை. கார்த்திகை முதல் நாள் தொடங்கி மகரவிளக்கு வரை, ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் சபரிமலைக்குப் போகும் வண்டிகளில் பல மதுரையைக் கடந்து குமுளிக்கும் செங்கோட்டைக்கும் பிரிகின்றன. அவற்றில் சிஎன்ஜி வண்டிகள் ஆண்டுக்கு ஆண்டு கூடுகின்றன. பிறகு பொங்கலை ஒட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மூன்று நாள் ஜல்லிக்கட்டு. அந்த நாட்களில் இருமுடியோடு வந்த வேன்களும் உள்ளூர் ஷேர் ஆட்டோக்களும் சர்வீஸ் ரோடு வரை நின்றன. அடுத்த லாரி எப்போது வரும் என்று கேட்டால், "கிளம்பிருச்சுன்னு சொன்னாங்க" என்பதற்கு மேல் பதில் இல்லை. ஆண்டுதோறும் ஒரே தேதிகளில் வரும் கூட்டத்துக்குக் கூடுதலாக ஒரு கேஸ்கேடு ஏற்பாடு செய்வது நிர்வாகத்தின் வேலை. அதற்கு உலகச் சந்தையைக் காரணம் காட்ட முடியாது.

பாதுகாப்பில் குறை சொல்ல இடமில்லை. ஓட்டுநர் உட்பட அனைவரும் இறங்கிய பிறகே நாசிலை மாட்டுகிறார்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய உருளைச் சோதனையின் தேதி தாண்டிவிட்ட வண்டியைத் திருப்பி அனுப்பியதையும் பார்த்தேன், ஓட்டுநர் எவ்வளவு கெஞ்சியும் அவர்கள் மசியவில்லை. ஆனால் இறக்கிவிடப்பட்ட பெரியவர்களும் குழந்தைகளும் நிற்க நிழலோ, உட்கார ஒரு பெஞ்சோ கிடையாது. கழிப்பறை இருக்கிறது, பூட்டியிருக்கிறது.

இங்கே போக நினைப்பவர்கள் விடியற்காலை 6 மணிக்கு முன் போவது நல்லது. வரிசை குறைவு என்பது ஒரு காரணம். வேகமாக நிரப்பும்போது உருளைக்குள் அழுந்தும் வாயு சூடாவதால், நண்பகலில் 200 பார் காட்டி நின்ற முள், சூடு ஆறியதும் கீழே இறங்கிவிடுகிறது. மார்கழிக் குளிர்ச்சியில் அதே அழுத்தத்துக்குச் சற்றுக் கூடுதல் எடை உள்ளே போகிறது. உள்ளே நுழையும் முன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, நடந்து போய் டிஸ்பென்சரில் பிரஷர் எவ்வளவு என்று கேட்டுவிட்டு வரிசையில் சேருங்கள். 180-க்குக் கீழே என்றால், உள்ளூரில் ஓட்டுபவர் நிரப்பிக்கொள்ளலாம். தேனிக்கோ ராமேசுவரத்துக்கோ போகிறவர் அடுத்த லாரிக்குக் காத்திருக்கலாம். பொங்கல் வாரத்தில் எதற்கும் பெட்ரோல் டாங்க்கில் பத்து லிட்டர் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.