சிங்கப்பூரா, நெதர்லாந்தின் டெல்ஃப்ட்டா? நீர், ஆற்றல் ஆய்வகங்களைப் பார்க்க மாணவர்களை எங்கே அழைத்துப் போகலாம்?

திருச்சியிலிருந்தே நேரடி விமானம், நாலு மணி நேரப் பயணம், செலவும் குறைவு. சுலபம் என்று பார்த்தால் சிங்கப்பூர்தான். ஆனால் சுலபத்துக்காக மட்டும் போனால், மாணவர்கள் மெரினா பேரேஜ் தடுப்பணையின் கூரைமேல் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள்.

அங்கே குறிவைக்க வேண்டியது நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் 'நியூரி' ஆய்வு நிறுவனத்தை. மெல்லிய சவ்வால் நீரை வடிகட்டும் சவ்வுத் தொழில்நுட்பம் அதன் பலம். ஆர்.ஓ. ஆலையில் வெள்ளைக் குழாய் வரிசையைத் தவிர எதுவும் கண்ணில் படாது. 8 அங்குல விட்டமும் 40 அங்குல நீளமும் உள்ள சுருள் சவ்வுகள் அதற்குள் ஒளிந்திருக்கும். கழித்துப்போட்ட சுருள் இரண்டை அறுத்துக் காட்ட முடியுமா என்று முன்கூட்டியே கேட்டு எழுதுங்கள். குழாயின் முதல் சுருளில் பொதுவாக வழவழவென்று நுண்ணுயிர்ப் படலம், கடைசிச் சுருளில் நறநறவென்று உப்புப் படிவு. அதைத் தொட்டுப் பார்த்தவனுக்கு அழுத்தம் ஏன் ஏறுகிறது என்று தனியாக வகுப்பெடுக்க வேண்டாம்.

அதே பல்கலைக்கழகத்தின் 'ரெய்ட்ஸ்' மைக்ரோகிரிட் (தனித்தும் இயங்கும் சிறு மின்கட்டமைப்பு), குப்பை கொட்டும் செமக்காவ் தீவில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் அங்கே கால் வைக்க முடியாது. அது கிடைக்காவிட்டால் ஆற்றல் பக்கம் பாதி காலி. தெங்கே நீர்த்தேக்கத்தின் 60 மெகாவாட் மிதவை சோலாரைக் கரையிலிருந்து பார்ப்பது அதற்கு ஈடாகாது.

டெல்ஃப்ட்டில் ஆய்வுகள் பலதும் பாதி முடிந்த நிலையில் இருக்கும். அதனால்தான் மாணவர்கள் அங்கே அதிகம் கேள்வி கேட்பார்கள். 'கிரீன் வில்லேஜ்' வளாகத்தில் ஹைட்ரஜன் குழாய்களுக்கென்றே ஒரு சோதனைத் தெரு உண்டு. டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில், பொருள்கள்மேல் காற்றை வீசிச் சோதிக்கும் திறந்த காற்றுச் சுரங்கத்தின் வாய் 2.85 மீட்டர், நொடிக்கு 35 மீட்டர் வரை காற்று வீசும். பக்கத்திலேயே டெல்டாரெஸ் நிறுவனம் செயற்கை அலை எழுப்பிச் சோதிக்கும் அலைக்கால்வாய்: 300 மீட்டர் நீளம், 9.5 மீட்டர் ஆழம். சோதனை நடக்காத நாளில் போனால் அது வெறும் கான்கிரீட் தொட்டி. ஆகவே சோதனைத் தேதியைக் கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் போட வேண்டும். லேவார்டனில் உள்ள வெட்சஸ் நீர் ஆய்வு மையத்தையும் சேர்த்தால், போகவே ரயிலில் இரண்டரை மணி நேரம் ஆகும். முழு நாள் ஒதுக்குங்கள்.

விசாதான் டெல்ஃப்ட்டின் தலைவலி. ஒவ்வொருவரும் நேரில் போய்க் கைரேகை தர வேண்டும். 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். முடிவு வர 15 நாள், சில சமயம் 45 நாள். ஒரு நல்ல சேதி: படிப்புக்காகப் போகும் மாணவருக்கும் கூடப் போகும் ஆசிரியருக்கும் ஷெங்கன் விசாவின் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) கட்டணமான 90 யூரோ கிடையாது. சுற்றுலா என்று விண்ணப்பித்தால் அந்தச் சலுகை போச்சு. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் எப்படியும் உண்டு. சிங்கப்பூர் விசாவுக்கு 30 சிங்கப்பூர் டாலர். அங்கீகரிக்கப்பட்ட முகவரிடம் கொடுத்தால் வேலை முடிந்தது.

ப்ராஜெக்ட் கையில் வைத்திருக்கும் இறுதியாண்டு, எம்.டெக். மாணவர்கள் 15 பேர் என்றால் டெல்ஃப்ட்டுக்கே என் ஓட்டு. மூன்றாமாண்டு வகுப்பு 40 பேர் என்றால் சிங்கப்பூர், அதுவும் செமக்காவ் அனுமதி கைக்கு வந்த பிறகு. நம் கோடை விடுமுறைக்கு டெல்ஃப்ட் போவதாக இருந்தால் காலண்டரைப் பாருங்கள்: மே 5 விடுதலை நாள், அசென்ஷன், விட் திங்கள் என்ற கிறிஸ்தவ விடுமுறைகள் எல்லாம் நெருக்கி நெருக்கி வரும், ஜூலை, ஆகஸ்டில் விளக்கிச் சொல்ல வேண்டியவர்களே விடுமுறையில் போய்விடுவார்கள்.