பவர் ஸ்டீயரிங் பம்ப்: சீல் கிட்டா, புதுசா, ரீகண்டிஷனா?

பம்பில் ஆயில் ஒழுகுகிறது என்று தெரிந்ததும் பலரும் நேராகப் புதுப் பம்ப் தேடுகிறார்கள். வீட்டில் வைத்தே வேலையை முடிக்க நினைப்பவருக்கு நான்கு வழிகள் உண்டு. இருக்கிற பம்பைப் பிரித்து சீல் கிட் (ஆயில் ஒழுகாமல் தடுக்கும் ரப்பர் சீல்களின் தொகுப்பு) போடலாம், புதுசு மாட்டலாம், ரீகண்டிஷன் பம்ப் (பழையதைப் பழுது பார்த்து மறுபடி விற்பது) வாங்கலாம், பழைய வண்டியிலிருந்து கழற்றியதைப் போடலாம். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒழுகல் மட்டும்தான், சத்தமில்லை, ஸ்டீயரிங் கனக்கவில்லை என்றால் சீல் கிட். நான் தேர்ந்ததும் அதுதான். பம்ப் உள்ளே தேய்ந்திருந்தால் புதுசு. ரீகண்டிஷன் இந்த இரண்டுக்கும் பிறகுதான்.

கைவைப்பதற்கு முன் குற்றவாளி பம்ப்தானா என்று பாருங்கள். ஊளைச் சத்தம் என்றாலே பம்ப் போய்விட்டது என்று ஆகாது. ஆயில் தொட்டியான ரிசர்வாயரிலிருந்து பம்புக்கு வரும் உறிஞ்சு பக்கத்தில் காற்று நுழைந்தாலும் அதே சத்தம்தான் வரும். அந்தப் பக்கத்தில் அழுத்தம் இல்லாததால் ஆயில் வெளியே சொட்டாது, காற்று மட்டும் உள்ளே போகும். ரிசர்வாயரைத் திறந்து பார்த்தால் ஆயில் நுரைத்து வெளிறியிருக்கும். கெட்டிப்பட்ட ஹோஸ், தளர்ந்த கிளிப், பம்பின் நுழைவாயிலிலுள்ள ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம் மூன்றையும் பாருங்கள். பல ஹோண்டா வண்டிகளில் அந்த ஒரே ஒரு ஓ-ரிங்கை மாற்றினாலே சத்தம் நின்றுவிடும். ரிசர்வாயரின் அடியிலுள்ள வலை அடைத்தாலும் பம்ப் ஆயிலுக்குத் தவித்து ஊளையிடும். ஒழுகலிலும் ஒரு ஏமாற்று உண்டு. பிரஷர் ஹோஸின் இரும்புப் பூண் இணைப்பில் கசியும் ஆயில் பம்பின் மேல் வடிந்து பம்பே ஒழுகுவதுபோலக் காட்டும். எல்லாவற்றையும் சுத்தமாகக் கழுவித் துடைத்து, எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டீயரிங்கை இருபுறமும் திருப்பி, முதல் துளி எங்கே தோன்றுகிறது என்று பார்த்த பிறகே முடிவெடுங்கள்.

பெல்ட் ஓடும் சக்கரமான புல்லிக்குப் பின்னாலிருந்து வருகிறதென்றால் ஷாஃப்ட் சீல், அதாவது பம்பின் அச்சைச் சுற்றியிருக்கும் சீல். இங்கேதான் முழு முடிவும் தொங்குகிறது. சீல் தானாக ஏன் போனது? வயதாகி ரப்பர் இறுகிப் போயிருந்தால் புது சீல் போட்டால் தீர்ந்தது. ஷாஃப்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து, ஷாஃப்ட் ஆடி, அந்த ஆட்டத்தில் சீல் கிழிந்திருந்தால் எத்தனை புது சீல் போட்டாலும் சில வாரங்களில் மறுபடி ஒழுகும். பெல்ட் புல்லியை எப்போதும் ஒரே பக்கமாக இழுக்கிறது. புஷ் தேய்ந்தால் ஷாஃப்ட் அந்தப் பக்கம் சாயும். சீலின் உதடு எதிர்ப்பக்கத்தில் விலகும், ஆயில் அந்த இடைவெளியில் வரும். சீல் கிட் போட்டும் ஒழுகுகிறது என்று கிட்டின்மேல் பழி போடுகிறவர்களில் பலர் இந்தச் சோதனையைச் செய்யாதவர்கள்.

சோதனை எளிது. பெல்ட்டைக் கழற்றிவிட்டு புல்லியின் விளிம்பை இரு கைகளாலும் பிடித்து மேலும் கீழும், பிறகு பக்கவாட்டிலும் அசையுங்கள். கையில் ‘டக்’ என்று உணர்ந்தால் அந்தப் பம்புக்கு சீல் கிட் வேண்டாம். உள்ளே வெளியே இலேசாக நகர்வது வேறு விஷயம். பல வடிவமைப்புகளில் உள்ளே சுற்றும் பகுதியான ரோட்டர் ஷாஃப்டின் பற்களில் மிதந்தபடி இருப்பதால் அந்த நகர்வு இயல்பாகவே இருக்கும். பல டொயோட்டா பம்புகளின் பணிமனைக் கையேட்டில் ஷாஃப்டுக்கும் புஷ்ஷுக்கும் இடையே புதிதில் 0.01 முதல் 0.03 மி.மீ., உச்ச வரம்பு 0.07 மி.மீ. என்று இருக்கும். இவ்வளவு சிறிய அளவைக் கையால் உறுதியாகச் சொல்ல முடியாது. நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜ் இருந்தால் அதையே நம்புங்கள். கையில் தெரியுமளவு ஆடுகிறதென்றால் வரம்பைத் தாண்டி எப்போதோ போய்விட்டது என்று கொள்ளலாம். சில பம்புகளில் புல்லி பக்கம் புஷ்ஷுக்குப் பதில் பால் பேரிங் இருக்கும். கையால் சுற்றும்போது கரகரத்தால் அதை மட்டும் மாற்ற முடியும்.

பிரித்த பிறகு இன்னொரு சோதனை: ஷாஃப்டில் பழைய சீலின் உதடு உரசிய இடத்தில் நகத்தை ஓட்டுங்கள். நகம் மாட்டினால் பள்ளம் விழுந்திருக்கிறது. மிக மெல்லியதானால், உறையில் இடமிருந்தால் புது சீலை ஒரு மி.மீ. தள்ளி உட்காரவைத்து உதட்டைப் புதுத் தளத்தில் ஓடவிடலாம். ஆழமானால் விட்டுவிடுங்கள்.

இரண்டு சோதனையும் தேறினால் சீல் கிட் வேலை ஒரு மதியத்தில் முடியும். ரிசர்வாயர் ஆயிலை உறிஞ்சி எடுங்கள். ஆல்டர்னேட்டர் பெரும்பாலும் கீழேயோ பக்கத்திலோ இருக்கும், அதைத் துணியால் மூடுங்கள். புல்லி நட்டால் பிடிக்கப்பட்டதானால் பெல்ட் இறுக்கமாக இருக்கும்போதே நட்டைத் தளர்த்துங்கள், பெல்ட்டைக் கழற்றிய பிறகு புல்லி சுற்றிக்கொண்டே போகும். அழுத்திப் பொருத்திய புல்லியானால் அதை இழுத்துக் கழற்றும் கருவியும் (புல்லர்) பொருத்தும் கருவியும் கட்டாயம் வேண்டும். சுத்தியலால் தட்டினால் அந்த அடி ஷாஃப்ட் வழியே உள்ளே இறங்கித் தட்டையும் ரோட்டரையும் கெடுக்கும்.

உள்ளிருப்பவற்றை வெளிவரும் வரிசையிலேயே வெள்ளைத் துணியில் அடுக்குங்கள். ரோட்டரைச் சுற்றியிருக்கும் கேம் ரிங்கின் எந்த முகம் மேலே, ரோட்டரின் எந்த முகம் வெளியே என்று படமெடுத்து வையுங்கள். ரோட்டரின் பள்ளங்களில் நிற்கும் மெல்லிய தகடுகளான வேன்கள் அந்தந்தப் பள்ளத்துக்கே திரும்ப வேண்டும். அவற்றின் வளைந்த விளிம்பு கேம் ரிங்கைப் பார்த்திருக்க வேண்டும், தட்டையான விளிம்பு உள்ளே. கேம் ரிங் கவிழ்ந்தாலோ வேன்கள் திரும்பினாலோ பம்ப் சுற்றும், அழுத்தம் வராது, வேலை முழுவதும் மறுபடி. கேம் ரிங்கின் உள்சுவரில் அலை அலையாகத் தடம் விழுந்திருந்தால் அத்தோடு நிறுத்தி, புதுப் பம்புக்குப் போங்கள்.

பலரும் தொடாமல் விடுவது ஆயில் வரத்தைக் கட்டுப்படுத்தும் ஃப்ளோ கண்ட்ரோல் வால்வை. ஸ்பிரிங்கோடு வெளியே எடுத்து, கழுவி, ஆயிலில் நனைத்து, அதன் துளையில் விட்டுப் பாருங்கள். தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும். நடுவில் நின்றால், ஐட்லிங்கில் ஸ்டீயரிங் கனப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். துளையில் கீறல் இல்லை, வால்வின் விளிம்பில் சின்னப் பிசிறு மட்டும் என்றால் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் மிக நைசான உப்புத்தாளால் அதை எடுத்துவிடலாம்.

புது சீலின் திறந்த, ஸ்பிரிங் தெரியும் பக்கம் ஆயிலைப் பார்த்து இருக்க வேண்டும். ஷாஃப்டின் பற்கள்மேல் டேப் சுற்றி, உதட்டில் ஆயில் தடவி, சீலின் வெளிவட்டத்துக்குச் சமமான சாக்கெட்டை வைத்து நேராக அழுத்துங்கள். ஓ-ரிங்குகளை வண்டிக்குரிய அதே ஆயிலில் நனைத்துப் போடுங்கள். கேஸ்கட் பேஸ்ட் எங்குமே வேண்டாம், பிதுங்கி உடையும் துணுக்கு நேராக வால்வில் போய் அடைக்கும். மூடியின் போல்ட்களை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்காவிட்டால் ஓ-ரிங் நசுங்கும்.

புதுப் பம்பைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வண்டிக்கு முதலில் பம்ப் செய்து கொடுத்த நிறுவனத்தின் பெயரிலேயே வாங்க முடிந்தால் அதையே வாங்குங்கள். பல ஜெர்மன் வண்டிகளுக்கு இசட்.எஃப். (அதன் ஸ்டீயரிங் பிரிவு 2015 முதல் போஷ் வசம்), பல ஜப்பானிய வண்டிகளுக்கு ஜேடெக்ட். பொருந்துவது மட்டும் போதாது, ஆயில் வரத்தும் அழுத்த வரம்பும் ஒத்திருக்க வேண்டும். புதுப் பம்பைக் கொல்வது பெரும்பாலும் பழைய ஆயில்தான். பழைய பம்ப் தேய்ந்து செத்திருந்தால் அதன் உலோகத் தூள் சக்கரங்களைத் திருப்பும் ரேக்கிலும் குழாய்களிலும் ரிசர்வாயர் வலையிலும் காத்திருக்கும். ரேக்கிலிருந்து ஆயில் திரும்பி வரும் ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றி ஒரு டப்பாவில் விடுங்கள், ரிசர்வாயரின் ரிட்டர்ன் வாயை அடையுங்கள், முன் சக்கரங்களை ஸ்டாண்டில் தூக்குங்கள். எஞ்சினை அணைத்தபடியே ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்பிக்கொண்டே புது ஆயிலை ஊற்றுங்கள். வெளிவருவது தெளியும்வரை ஒன்றிரண்டு லிட்டராவது ஆகும். வலையைக் கழுவ முடியாத ரிசர்வாயரானால் அதையும் மாற்றுங்கள். ரிட்டர்ன் பாதையில் காந்தம் வைத்த ஃபில்டர் போடுவது நல்ல காப்பு.

ரீகண்டிஷனில் என் தயக்கம் இதுதான்: உறை யாருடையதோ, புஷ் மாற்றப்பட்டதா, கேம் ரிங் பழசேதானா என்பதை வெளியிலிருந்து பார்க்க முடியாது. நன்றாகச் செய்து அழுத்தச் சோதனையும் முடித்து அனுப்புபவர்கள் இருக்கிறார்கள், அப்படிப்பட்டதானால் என் எண்ணம் மாறும். வெறும் சீல் மாற்றிப் பெயிண்ட் அடித்தது என்றால் உங்கள் சொந்தப் பம்பே மேல், அதன் வரலாறாவது உங்களுக்குத் தெரியும். புல்லியும் ரிசர்வாயரும் பெரும்பாலும் கூட வராது, பழையதிலிருந்து மாற்ற வேண்டிவரும். கழற்றிய பம்பின் மிச்ச ஆயுளை யாராலும் சொல்ல முடியாது. எடுப்பதானால் அதே ஆட்டச் சோதனையைச் செய்து, சீல் கிட் போட்ட பிறகே மாட்டுங்கள்.

எந்தப் பம்பானாலும் மாட்டும் முறை ஒன்றே. நுழைவாயிலில் ஆயில் ஊற்றிப் புல்லியைக் கையால் சில சுற்று சுற்றுங்கள். உலர்ந்த பம்பை எஞ்சினால் ஓட்டினால் சில நொடிகளிலேயே உள்ளே கீறும். ஹோஸ் இணைப்பில் பேஞ்சோ போல்ட் (ஆயில் போகத் துளையுள்ள போல்ட்) இருந்தால் இருபுறமும் புது வாஷர். ஆயிலை நிறம் பார்த்து ஊற்றாதீர்கள், மூடியிலும் கையேட்டிலும் உள்ள ரகத்தையே ஊற்றுங்கள். ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்) கேட்பதும் சி.எச்.எஃப். (ஹைட்ராலிக் ஆயில்) கேட்பதும் வேறு வேறு, மாற்றி ஊற்றினால் சீல்கள் ஊதிக் கெடும். ஆயில் குடித்த பெல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் புது புஷ்ஷும் அதே வழியில் போகும்.

ஆயிலில் சிக்கிய காற்றை வெளியே எடுக்கும்போது அவசரம் வேண்டாம். எஞ்சினை அணைத்து, சக்கரங்கள் தரையில் படாமல், இருபது முறையாவது கோடிக்குக் கோடி மெதுவாகத் திருப்பி, குறையக் குறைய ஊற்றுங்கள். குமிழி நின்ற பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். கோடியில் ஐந்து நொடிக்கு மேல் பிடிக்காதீர்கள், அங்கே பம்ப் தன் முழு அழுத்தத்தில் நிற்கும். ஆயில் பால்போல நுரைத்தால் அணைத்து அரைமணி விட்டுத் தொடருங்கள். மறுநாள் காலை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அளவைப் பாருங்கள், புல்லிக்குப் பின்னால் உலர்ந்த விரலை வைத்தும் பாருங்கள்.