ஈவோ இன்ஜின் போட்ட வீராவுக்கு டையால் 38 மி.மீ. வேஸ்ட்கேட்

என்னுடையது பழைய புரோட்டோன் வீரா. உள்ளே இருப்பது ஜப்பானிலிருந்து ஹாஃப்-கட்டாக (பாதியாக வெட்டிய காராக) வந்த லான்சர் எவல்யூஷன் 3-இன் 4ஜி63 டர்போ இன்ஜின். வீராவே லான்சரை வைத்துச் செய்த கார் என்பதால் மலேசியாவில் இந்தச் சேர்க்கை பலருக்கும் பழக்கம். கிள்ளானிலிருந்து வேலைக்குப் போவதும் இதில்தான், ஞாயிறு விடிகாலையில் கெந்திங் மலை ஏறுவதும் இதில்தான்.

3 இஞ்ச் எக்ஸாஸ்ட் போட்ட பிறகுதான் தொல்லை தொடங்கியது. 1 பாரில் நிற்க வேண்டிய பூஸ்ட் (டர்போ இன்ஜினுக்குள் திணிக்கும் காற்றின் அழுத்தம்), மூன்றாவது கியரில் 6000 ஆர்பிஎம் தாண்டும்போது 1.3 வரை தானாக ஏறியது. பூஸ்ட் கன்ட்ரோலரை எவ்வளவு குறைத்தாலும் பயனில்லை, ஏனென்றால் டர்போவுக்குள் இருக்கும் வேஸ்ட்கேட் (எக்ஸாஸ்ட் வாயுவில் ஒரு பகுதியை, டர்போவைச் சுழற்றும் டர்பைனுக்குள் போகவிடாமல் விலக்கிவிடும் கதவு) அப்போது முழுக்கத் திறந்துதான் இருக்கிறது. துளை போதவில்லை, அவ்வளவுதான். ஏரி நிரம்பிய பிறகும் கலிங்கு சின்னதாக இருந்தால் கரைக்குத்தான் ஆபத்து; இங்கே கரை என்பது பிஸ்டன்.

பலரும் தலைகீழாக நினைப்பது ஒன்று உண்டு. பூஸ்ட் அதிகம் வேண்டும் என்றால் பெரிய வேஸ்ட்கேட் வேண்டும் என்பார்கள். உண்மையில் ஒரே இன்ஜின், ஒரே டர்போவில் பூஸ்ட் குறைவாக இருக்க வேண்டும் என்றால்தான் நிறைய வாயு டர்பைனுக்குள் போகாமல் விலக வேண்டும், அதற்குத்தான் பெரிய வழி வேண்டும். என்னைப் போல 0.8, 1 பாரில் தினமும் ஓட்டுபவர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும்.

ஆகவே டர்போவுக்கு வெளியே தனியாக ஒரு பெரிய வேஸ்ட்கேட் வைக்க முடிவு செய்தேன். அதைப் பொருத்த மேனிஃபோல்டும் (சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் வாயுவை டர்போவுக்குக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) வேண்டும். இதே இன்ஜின் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இணையத்தில் மலிவாகக் கிடைத்த நீளக்குழாய் ஸ்டெயின்லெஸ் மேனிஃபோல்டைப் போட்டார். பார்க்கக் கண்ணைப் பறிக்கும். ஒரு வருடம் முடிவதற்குள் குழாய்கள் ஒன்றுசேரும் கலெக்டரில் விரிசல். காரணம் சாதாரண இயற்பியல்தான். 304 ஸ்டெயின்லெஸ், வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும். 30 செ.மீ. நீளக் குழாய் 700 டிகிரி சூடேறினால் மூன்றரை மில்லிமீட்டர் நீள்கிறது. ஆனால் அது போல்ட் போட்டிருக்கும் சிலிண்டர் ஹெட் அவ்வளவு சூடாவதில்லை, அசையவும் விடாது. அந்த இழுப்பெல்லாம் வெல்டிங்கில் போய் உட்காருகிறது. ஒன்றரை மில்லிமீட்டர் சுவருள்ள குழாயில் டர்போவின் எடையையும் தொங்கவிட்டால் வேறென்ன நடக்கும்?

அதனால் எனக்கு ஷெட்யூல் 10 (சுவர் தடிமனைக் குறிக்கும் அளவு) குழாய்தான் என்று முடிவு செய்தேன். ஒன்றரை இஞ்ச் அளவில் சுவர் 2.77 மி.மீ. இருக்கும். கொஞ்சம் கனம்தான், பரவாயில்லை. ரன்னர்கள் (ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் வரும் குழாய்கள்) குட்டையாக இருந்தால் டர்போ சீக்கிரம் சுழலும். நகரத்தில் ஓட்டும் காருக்கு 7000 ஆர்பிஎம்மில் கிடைக்கும் சில குதிரைத்திறனைவிட அதுதான் முக்கியம். செய்து கொடுத்த வெல்டர் அண்ணன் குழாயைத் தொடுவதற்கு முன்பே கேட்டார்: "தம்பி, கேட்டை எங்க வைக்கப் போறோம்னு முதல்ல சொல்லு, மத்ததெல்லாம் அப்புறம்." அந்த ஒரு கேள்விக்கே அவருக்குக் கூலி கொடுக்கலாம். நான்கு ரன்னர்களும் சேர்ந்த பிறகு, வாயு போகும் திசையிலேயே சாய்வாக வேஸ்ட்கேட் குழாய் பிரிய வேண்டும். ஏதாவது ஒரு ரன்னரிலிருந்து செங்குத்தாகத் துளைத்து எடுத்தால், 44 மி.மீ. கேட் வைத்தாலும் பூஸ்ட் ஏறிக்கொண்டுதான் இருக்கும். வெல்டிங்கின்போது குழாய்க்குள்ளும் ஆர்கான் விட்டார். விடாவிட்டால் உள்பக்கம் கருகிச் சொரசொரப்பாகி, அந்த இடமே பின்னால் விரிசலுக்கு வழிவிடும்.

நான் வாங்கிய வேஸ்ட்கேட், டையால் நிறுவனத்தின் எம்விஎஸ், 38 மி.மீ. இந்த இன்ஜினில் எக்ஸாஸ்ட் ரேடியேட்டர் பக்கம் இருப்பதால் இடம் மிகக் குறைவு; இதன் உடல் சிறியது என்பதே எனக்கு முதல் நிம்மதி. இரண்டு முனையும் வி-பேண்ட் (வளையக் கிளாம்ப் இணைப்பு) என்பதால் எந்தக் கோணத்திலும் திருப்பி வைக்கலாம். கேட்டை மூடி வைத்திருக்க 0.8 பார் ஸ்பிரிங் போட்டிருக்கிறேன். ஸ்பிரிங் தரும் அளவுக்குக் கீழே எந்தக் கன்ட்ரோலராலும் பூஸ்ட்டை இறக்க முடியாது, எனவே பாதுகாப்பாக ஓட்டக்கூடிய குறைந்த அளவையே ஸ்பிரிங்காகத் தேர்ந்தெடுங்கள். கூலன்ட் இணைக்க இதில் வழி இருக்கிறது. கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் நிற்கும் கார் என்பதால் கேட்டுக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வைக் காக்க அதையும் இணைத்துவிட்டேன்.

இப்போது பூஸ்ட் முள் 0.8-இல் ஏறி நின்றால் ரெட்லைன் வரை அசைவதில்லை. கெந்திங் ஏற்றத்தில் காலை எடுக்காமல் போக முடிகிறது. இந்த நம்பிக்கைக்காகவே செலவு தகும்.

குறைகளும் உண்டு. காரில் இருக்கும்போதே ஸ்பிரிங் மாற்றுவது பெரும்பாடு, கழற்றித்தான் ஆக வேண்டும். வி-பேண்ட் கிளாம்ப்பைச் சில முறை சூடேறி ஆறிய பிறகு மறுபடி இறுக்க வேண்டும். போலிகள் சந்தையில் நிறைய, பெட்டிகூட அப்படியே இருக்கும். முகவரிடம் மட்டுமே வாங்குங்கள். கேட்டின் வெளியேற்றத்தைத் திறந்துவிட்டால் வரும் அலறல் சிலருக்கு இன்பம். குடியிருப்பில் இருப்பவர்களை நினைத்து நான் அதை டவுன்பைப்பிலேயே (டர்போவிலிருந்து வெளியேறும் எக்ஸாஸ்ட் குழாய்) சேர்த்துவிட்டேன், நடுவில் வளைந்து கொடுக்கும் ஒரு ஃபிளெக்ஸ் குழாய் வைத்து. அது இல்லாவிட்டால் அந்த இணைப்பும் விரிசல் விடும்.

ஈவோ 4 முதல் வந்த ட்வின்-ஸ்க்ரோல் டர்போ (வாயு இரண்டு தனி வழிகளில் டர்பைனுக்குள் போகும் வகை) வைத்திருப்பவர்களுக்கு இது அப்படியே பொருந்தாது. 1-4, 2-3 சிலிண்டர்களைக் கேட் வரை பிரித்தே கொண்டுபோக வேண்டும், இல்லையென்றால் இரண்டு கேட் வைக்க வேண்டும். பழைய 16ஜி டர்போவோடு 1 பார் போதும் என்பவர்கள், உள் கேட்டின் துளையைப் பெரிதாக்கி 34 மி.மீ. ஃபிளாப்பர் (அந்தத் துளையை மூடும் தகடு) போட்டுப் பாருங்கள். பூஸ்ட் நின்றுவிட்டால் மிச்சப் பணத்தில் காற்று-எரிபொருள் விகிதத்தைக் காட்டும் ஒரு வைட்பேண்ட் மீட்டர் வாங்கிவிடலாம்.