சைட்டை விட்டு நகராமல் சூப்பர்வைசர் என்விகியூ: கொடுத்த காசுக்குத் தகுமா?

பிரிட்டனில் கட்டுமான வேலையில் இருப்பவர்களுக்கு இந்த நெருக்கடி தெரியும். அனுபவத்தை மட்டும் காட்டி, கம்பெனி சிபாரிசில் வாங்கிய சிஎஸ்சிஎஸ் கார்டுகள் (சைட்டில் வேலை செய்யத் தகுதி காட்டும் அட்டைகள்) 2024 டிசம்பர் 31-உடன் காலாவதி ஆகிவிட்டன. கோல்டு சூப்பர்வைசர் கார்டு வேண்டுமென்றால் இப்போது லெவல் 3 அல்லது 4-இல் மேற்பார்வைக்கான என்விகியூ, அதாவது வேலையில் செய்து காட்டுவதை வைத்தே தரும் தொழில் தகுதிச் சான்றிதழ், கையில் இருக்க வேண்டும். அதற்கென்றே ஏகப்பட்ட பயிற்சி நிறுவனங்கள், எல்லாவற்றிலும் ஒரே விளம்பரம்: கல்லூரி இல்லை, பரீட்சை இல்லை, வேலையை விட்டு நகர வேண்டியதில்லை. அப்படி ஒன்றில்தான் லெவல் 4 கட்டுமான சைட் மேற்பார்வைக்குச் சேர்ந்து முடித்தேன். பெயர் வேண்டாம், சேவையைப் பற்றி மட்டும் பேசுவோம்.

விளம்பரத்தில் பொய் இல்லை. பரீட்சை கிடையாதுதான். ஆனால் தகுதியின் ஒவ்வொரு பகுதிக்கும், அதாவது யூனிட்டுக்கும், நீளமான பட்டியல் இருக்கிறது, அதில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் "இதை நான் என் சைட்டில் செய்தேன்" என்று காட்ட ஆதாரம் கொடுக்க வேண்டும். அதை மதிப்பிடும் அசெஸர் பார்ப்பார், அவர் பார்த்ததை உள்ளே இன்னொருவர் சரிபார்ப்பார், அதற்கு மேல் சான்றிதழ் தரும் அமைப்பும் வந்து பார்க்கும். ஆக, நீங்கள் காசு கொடுப்பது பாடத்துக்கு இல்லை, அசெஸருக்கு. அவர் சரியாக அமைந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எனக்கு முதலில் வந்தவர் அருமையான மனிதர், பழைய சைட் மேனேஜர். யூனிட் பட்டியலைத் திறக்கவே இல்லை. "இந்த வாரம் என்ன வேலை?" என்று கேட்டார், ஸ்லாப் கான்கிரீட் என்றேன். அந்த ஒரே வேலையை வைத்தே யூனிட்டுகளில் பெரும் பகுதிக்கு வழி சொல்லிவிட்டார். கான்கிரீட் போடுமுன் கம்பியையும் ஷட்டரையும் (கான்கிரீட்டைத் தாங்கும் அச்சுப் பலகை) பார்த்துக் கையெழுத்திட்ட செக்‌ஷீட் தரத்துக்கு, காலையில் ஆட்களைக் கூட்டிப் பேசிய டூல்பாக்ஸ் டாக் ஷீட் பாதுகாப்புக்கும் தகவல் தொடர்புக்கும், யார் பம்பிடம், யார் வைப்ரேட்டரில் என்று பிரித்த தாள் வேலைப் பங்கீட்டுக்கு. அன்றைக்கு ஸ்லம்ப் (கான்கிரீட்டின் இளக்கத்தைக் காட்டும் அளவு) சரியில்லாமல் ஒரு லாரியைத் திருப்பி அனுப்பியிருந்தேன். அதுதான் உங்களுடைய தங்கச் சுரங்கம் என்றார். டெலிவரி டிக்கெட், சப்ளையருக்குப் போன இமெயில், அடுத்த லாரி வரும் வரை ஆட்களை வேறு வேலைக்கு மாற்றியதாக டைரியில் எழுதியது, தாமதத்தைக் குறித்த வேலை அட்டவணை, பிறகு வந்த 7 நாள், 28 நாள் கியூப் ரிசல்ட் (கான்கிரீட்டின் பலத்தைச் சோதித்த முடிவு), எல்லாமே ஒரே கதையாகக் கோத்து நிற்கும்.

அவர் ஒவ்வொரு காகிதத்துக்கும் கேட்டது ஒரே கேள்வி: "இதில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?" ஹெட் ஆபீஸ் எழுதிய, வேலையை எப்படிப் பாதுகாப்பாகச் செய்வது என்று சொல்லும் மெதட் ஸ்டேட்மென்ட்டை அப்படியே ஏற்றினால் திரும்பி வரும். அதை ஆட்களுக்கு விளக்கிக் கையெழுத்து வாங்கியதையும், சைட்டுக்குப் பொருந்தாத இடத்தை நீங்கள் சொல்லி மாற்றியதையும் சேர்த்தால் நிற்கும். சாரத்தின் அழகான போட்டோவும் அப்படித்தான். விழக்கூடிய உயரம் 2 மீட்டரோ அதற்கு மேலோ என்றால் 7 நாளுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்பது சட்டம். அந்த அறிக்கையில் ஒரு குறை இருந்து, ஆட்களை ஏற விடாமல் நிறுத்தி சாரக்காரரைக் கூப்பிட்டது உங்கள் டைரியில் இருக்கிறதா? அதுதான் ஆதாரம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, பேசியே நிரூபிக்கும் வழி. ப்ரொஃபஷனல் டிஸ்கஷன் என்பார்கள், கேள்வி கேட்டுப் பதிலை ரெக்கார்டு செய்துகொள்வார்கள். இரண்டு கேங்குக்கு நடுவில் வந்த சண்டையைத் தீர்த்ததற்கெல்லாம் எங்கே காகிதம் இருக்கும்? இங்கிலீஷில் பக்கம் பக்கமாக எழுதத் தயங்கும் நம் ஆட்களுக்கு இது பெரிய வசதி.

குறைகளுக்கு வருவோம். பாதியில் அசெஸரை மாற்றினார்கள், காரணம் சொல்லவில்லை. புதியவர் முன்னவர் ஏற்றுக்கொண்டதையே மறுபடி கேட்டார், ஒவ்வொரு பதிலுக்கும் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. சாட்சிக் கடிதத்துக்கு அவர்களே கொடுத்த மாதிரிப் படிவத்தில் "இவர் திறமையானவர், பொறுப்பானவர்" என்று பொதுவாகத்தான் இருந்தது. மேனேஜரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினால், என்ன செய்தார் என்று குறிப்பாக இல்லை என்று அவர்களே திருப்பினார்கள்! சப்கான்ட்ராக்டர் ரேட், ஆட்களின் முகம், போன் நம்பர் இதையெல்லாம் மறைத்துத்தான் ஏற்ற வேண்டும் என்பதையும் நிறைய ஏற்றிய பிறகுதான் சொன்னார்கள். முதல் நாளே சொல்ல வேண்டிய விஷயம். ஆதாரங்களைச் சேர்த்து வைக்கும் போர்ட்ஃபோலியோ ஆப் பற்றிச் சொல்லவே வேண்டாம், போனில் திறந்தால் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன், அந்த மூன்றரையில் மூன்று முதல் அசெஸருக்கு.

இப்போது உண்மையிலேயே சூப்பர்வைசராக நிற்பவர்களுக்குத்தான் இது சரிவரும். இன்னும் அந்தப் பொறுப்புக்கே வராதவர் சேர்ந்தால் காட்ட ஒன்றும் இருக்காது. அவர் முதலில் சைட் சூப்பர்வைசர்களுக்கான 2 நாள் பாதுகாப்புப் பயிற்சியான எஸ்எஸ்எஸ்டிஎஸ் கோர்ஸ் செய்யலாம், ஆனால் அதை மட்டும் வைத்து கோல்டு கார்டு கிடைக்காது. ரெடிமேட் போர்ட்ஃபோலியோ விற்கும் ஆட்களை நம்ப வேண்டாம். அடுத்தவர் சைட்டைப் பற்றி அசெஸர் நாலு கேள்வி கேட்டாலே வெளுத்துவிடும்.

சேருவதாக இருந்தால் பணம் கட்டுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்: பதிவுக் கட்டணமும் சான்றிதழ் கட்டணமும் இதற்குள் அடங்குமா, அசெஸர் சைட்டுக்கு நேரில் வருவாரா, அனுப்பியதற்கு எத்தனை நாளில் பதில் வரும், அசெஸர் மாறினால் பழைய ஒப்புதல் செல்லுமா. பதிலை இமெயிலில் வாங்குங்கள். அப்புறம், கார்டுக்கு சூப்பர்வைசர்களுக்கான சிஐடிபி டெஸ்டும் (கட்டுமானப் பயிற்சி வாரியத்தின் பாதுகாப்புத் தேர்வு) பாஸாகி இருக்க வேண்டும். அது 2 வருஷம்தான் செல்லும், அதனால் என்விகியூ முடியும் நேரம் பார்த்து எழுதுவது நல்லது.