கை நடுக்கத்துக்கு ஐபோனின் ‘டச் அக்காமடேஷன்ஸ்’

செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி, அதற்குள் டச். அங்கே இருக்கிறது இந்த வசதி. விரல் எவ்வளவு நேரம் பதிந்தால் தொடுதலாகக் கொள்வது என்பதை ‘ஹோல்ட் டியூரேஷன்’ தீர்மானிக்கும். 0.2 வினாடியில் தொடங்குங்கள். அதிகம் கூட்டினால் தட்டச்சு நத்தையாகிவிடும். ‘ஸ்வைப் ஜெஸ்சர்ஸ்’ போடாவிட்டால் திரையை நகர்த்தவும் காத்திருக்க வேண்டும்.

உண்மையில் கைகொடுப்பது, அடுத்தடுத்து விழும் தட்டுகளை ஒன்றாகவே கொள்ளும் ‘இக்னோர் ரிப்பீட்’தான். பார்கின்சன் நடுக்கம் பொதுவாக வினாடிக்கு 4 முதல் 6 முறை. அதாவது ஏறத்தாழ 0.17 முதல் 0.25 வினாடிக்கு ஒரு தட்டு. 0.3 வைத்தால் ஒரே எழுத்து இரண்டாக விழுவது குறையும். விலையும் உண்டு: இருமுறை தட்டிப் பெரிதாக்குவது படுத்துகிறது.

விரல் சறுக்குபவர்களுக்கு முதலில் தொட்ட இடத்தையே எடுக்கும் தேர்வு நல்லது. போன் அசைந்தால் கடைசியாகச் செய்ததை நீக்கக் கேட்கும் ‘ஷேக் டு அண்டூ’வை மறக்காமல் அணைத்துவிடுங்கள்.